புழு தின்னவில்லை என்பதற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம்

1

ஆரணியிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் யாரும் சுகமா என்று கேட்பதில்லை. "அங்கே என்ன சாப்பிடுகிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். பதினோரு வருஷமாக இதே கேள்வி. கப்பல் ஏறினவன் கடலில் விழுந்தானா, காய்ச்சலில் கிடந்தானா, அதெல்லாம் இரண்டாம் பட்சம். வாய்க்குள் என்ன போகிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சரி, சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது போர்ட் சயீது. சூயஸ் கால்வாயின் வாயில் இருக்கும் துறைமுகம். சீமைக்குப் போகிற கப்பலெல்லாம் கரி ஏற்றிக்கொள்ள இங்கே நிற்கும். ஒரு சிந்தி முதலாளியின் பட்டுக் கடையில் எனக்கு வேலை. கப்பலிறங்கும் துரைசானிகளுக்குப் பட்டை விரித்துக் காட்ட வேண்டும், இழை அறுந்த துணியைச் சீர்செய்ய வேண்டும். மாடியில் எங்கள் குடித்தனம். கீழே கார்மெலா என்ற இத்தாலிக்காரி நடத்தும் சாப்பாட்டுக் கடை. உங்கள் யாருடைய கப்பலாவது இங்கே நின்றால், அந்தக் கடையில் தவறாமல் சாப்பிட வேண்டிய பதார்த்தங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவற்றில் ஒன்று என் மகளின் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மகள் பெயர் ஜெபமாலை. ஆறு வயதில் கப்பல் ஏறினவள், இப்போது பதினேழு. சேவூர் ஞானப்பிரகாசத்தின் மகனுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு. பையன் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், எங்களுக்குக் கடிதமும் எழுதுவான். அப்பனுக்கு நாலு தறி. எங்களைப் போலவே மூன்று தலைமுறையாகக் கிறிஸ்து வேதத்தில் இருக்கும் குடும்பம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஞானப்பிரகாசத்திடமிருந்து கடிதம் வந்தது:

"தாங்கள் குடும்பத்தோடு அவ்விடத்தில் புழு உண்டு வருவதாக இவ்விடத்தில் பேச்சாயிருக்கிறது. அப்படியில்லை என்று அவ்விடத்துச் சாமியார் கையொப்பமும் துரைத்தனத்து முத்திரையும் வைத்த பத்திரம் ஒன்று அனுப்பினால், மேற்கொண்டு பேசலாம்."

என் மனைவி தெரசம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாது, புழுவா? எவன் சொன்னான் நாம புழு துன்றோம்னு? எந்தப் பாவி கெளப்பி வுட்டது?"

நான் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கிளப்பி விட்ட பாவி நான்தான்.

2

முதல் பதார்த்தம் வெர்மிச்செல்லி.

வந்திறங்கிய அன்று மத்தியானம் கார்மெலா கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு தட்டு வந்தது. நூல் நூலாக ஏதோ வெந்து கிடந்தது, மேலே தக்காளிச் சாறு. ஆரணியில் நெசவுக்காரனுக்குப் பிறந்தவன் நான். நூலைக் கண்டால் வாய்க்கு முன்னால் கைதான் போகும். அறுந்து கிடந்த இரண்டு இழைகளை எடுத்து, மேசையில் சிந்தியிருந்த மாவைத் தொட்டு, நுனியோடு நுனி வைத்து முறுக்கிச் சேர்த்துவிட்டேன். தறியில் பாவு நூல் தீர்ந்தால், பழைய இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு அப்படித்தானே பிணைப்போம்! சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை. கார்மெலா பார்த்துவிட்டாள். அடுப்பை விட்டு ஓடி வந்து, கடையிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள். இருபது பேர் முன்னால் மறுபடி பிணைக்கச் சொன்னாள். நானும் பிணைத்தேன். கை தட்டினார்கள். ஆரணியில் இருபது வருஷம் பிணைத்தபோது ஒருத்தன் தட்டியதில்லை.

அந்தப் பெருமையோடு நின்றிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பக்கத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஒருவனிடம், இந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்று கேட்டேன். "சின்னப் புழுக்கள்" என்றான். ஒல்லியாக இருப்பதால் அவர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கோ புதுப் பாஷையில் ஒரு சொல் கற்ற கர்வம் தலைக்கேறிவிட்டது. தம்பி சின்னப்பனுக்கு அன்றைக்கே எழுதினேன்: "இவ்விடத்தில் மத்தியானம் ஒரு தட்டு சின்னப் புழுக்களைத் தக்காளியோடு உண்டோம். ருசியாயிருந்தது."

ரம்ஜானுக்கு ஆற்காட்டுச் சாயபு வீடுகளில் கொடியில் காயப்போடுவார்களே, அதே சேமியாதான் ஐயா அது. 'சேமியா சாப்பிட்டோம்' என்று எழுதியிருந்தால் சின்னப்பன் அந்தக் காகிதத்தில் சுண்டல் மடித்திருப்பான். நான் எழுதினது புழு. அவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி படித்திருக்கிறான். பதினோரு வருஷம் அது ஊரில் படுத்துக் கிடந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை என்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆரணியில் நாம் வயிறு வளர்ப்பது எதனால்? புழு கக்கின நூலால். கூட்டோடு வெந்நீரில் போட்டு அத்தனை புழுவையும் கொன்று எடுத்த நூல். அதை நெய்து, அதைக் கட்டிக்கொண்டு, அதே கோயிலில் முதல் வரிசையில் முழங்கால் போடலாம். புழு என்று பெயர் வைத்த கோதுமை மாவைத் தின்றால் மட்டும் பத்திரம் வேண்டும். நல்ல நியாயம்!

3

இரண்டாவது ரிசோத்தோ. அரிசிப் பதார்த்தம். ஆரணிக்காரன் தயவுசெய்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உட்காரவும்.

அரிசியை வெண்ணெயில் புரட்டி, வேகிறதா வேகவில்லையா என்று அரிசிக்கே சந்தேகமாயிருக்கும் நேரத்தில் இறக்கிவிடுவார்கள். ஒவ்வொரு பருக்கைக்கும் நடுவில் கல்போல ஒன்று இருக்க வேண்டுமாம். அதுதான் பக்குவமாம். நம் வீட்டில் அப்படி ஒரு மருமகள் வடித்தால் அன்றைக்கே அவள் அப்பனுக்கு ஆள் போகும். அவர்கள் பாஷையில் அரிசிக்கும் 'ரீசோ', சிரிப்புக்கும் 'ரீசோ'. அந்தச் சோற்றைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது.

தெரசம்மாள் அந்தக் கடைக்கு இறங்கி வந்தது அந்த ஒரே ஒரு முறைதான். வந்த மறுநாள். தட்டிலிருந்த ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, கையைக் காலை ஆட்டி, "இது வெந்துச்சா?" என்று கார்மெலாவைக் கேட்டாள்.

கார்மெலா பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, "சீ! சீ, சீ!" என்றாள்.

தெரசம்மாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "காசு குடுத்துத் துன்ற எடத்துல, நம்ம மூஞ்சப் பாத்து சீன்றா! மானம் போச்சி!" என்று படியேறினவள், பதினோரு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. இத்தாலி பாஷையில் 'சீ' என்றால் 'ஆமாம்' என்று அர்த்தம். இதை நான் அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். "அர்த்தம் இன்னாவோ இருந்துட்டுப் போவட்டும். மொகம் எப்டி வச்சிகினு சொன்னா, அத்தப் பாத்தீங்களா?" என்பாள். மாடியிலேயே தனக்கு வடித்துக்கொள்வாள், நன்றாகக் குழைய.

ஜெபமாலைக்கு அந்தச் சொல் மூன்றே நாளில் பிடிபட்டுவிட்டது. ஒரு மாதத்தில் வீட்டிலும் அதுதான். "பால் குடிச்சியாடி?" என்று அம்மா கேட்டால் "சீ, அம்மா." எத்தனை முதுகுச்சாத்து வாங்கியிருக்கிறாள் தெரியுமா அந்த ஒரு சொல்லுக்காக! கார்மெலாவோ ஜெபமாலை என்ற பெயரின் அர்த்தத்தைக் கேட்டறிந்து, அதையும் தன் பாஷைக்கு மாற்றி 'ரொஸாரியா' ஆக்கி, அதிலும் பாதியை விழுங்கி 'ரோஸா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் ஜெபமாலை என்று கூப்பிட்டால் சில சமயம் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அது சுருக்கென்று இருக்கும். சொல்லிக்கொள்ள மாட்டேன்.

4

இந்தக் கார்மெலா நேப்பிள்ஸ்காரி. செத்துப்போன புருஷன் வெனிஸ் பக்கம். அதனால் அந்த அடுப்பில் இரண்டு ஊரும் ஓயாமல் சண்டை போடும். புருஷன் பக்கத்துப் பதார்த்தம் பொலேந்தா. பெரிய பெயர்! மக்காச்சோள மாவில் கிண்டின களி, வேறொன்றுமில்லை. ஆரணியில் ஒருவனைப் பார்த்து 'களி தின்கிறவன்' என்று சொன்னால் சட்டையைப் பிடிப்பான். இங்கே அதை வெள்ளைக்காரன் முள்கரண்டியால் குத்தி, துணியால் வாயைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுகிறான். அவசியம் சாப்பிடுங்கள். ஊருக்குப் போய்ச் சொல்லாதீர்கள்.

நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் ஊறப்போட்டு ரொட்டியின் மேல் வைத்துத் தருவாள். அது தேவாமிர்தம், கிண்டல் இல்லை. கெட்டுப்போன பாலைக் கெட்டியாக்கி, அது நாறின பிறகு விலையை ஏற்றி விற்கும் ஒரு பதார்த்தமும் உண்டு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

5

பத்திரத்துக்கு அலைந்த கதையைச் சொல்கிறேன்.

முதலில் துரைத்தனத்துக் கச்சேரிக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா நான் சொன்னதை மூன்று தடவை சொல்ல வைத்தார்.

"நீர் புழு தின்றீரா?"

"இல்லை."

"தின்றதாக யாராவது பிராது கொடுத்திருக்கிறார்களா?"

"இல்லை. ஊரில் பேசிக்கொள்கிறார்கள்."

அவர் பெட்டியைத் திறந்து அச்சடித்த பாரங்களைப் புரட்டினார். உயிரோடிருக்கிறேன் என்பதற்குப் பாரம் இருந்தது. செத்துப்போனேன் என்பதற்கும் இருந்தது. கல்யாணம் ஆகவில்லை என்பதற்குக்கூட ஒன்று இருந்தது. புழு தின்னவில்லை என்பதற்கு மட்டும் இல்லை. "உயிரோடிருக்கும் பத்திரம் வேண்டுமானால் தருகிறேன்" என்றார், மரியாதையாகத்தான். சேவூர்க்காரர்களுக்கு அதில் சிரத்தை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு கோயில் சாமியாரிடம் போனேன். அவரும் நேப்பிள்ஸ்காரர். விஷயம் என்னவென்று புரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "வெர்மிச்செல்லியையா இழிவாகச் சொல்கிறார்கள்? நான் பிறந்தது முதல் சாப்பிடுகிறேன்! என்னையும் விலக்கி வைப்பார்களா?" என்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்தினார். அந்த வேகத்திலேயே உட்கார்ந்து லத்தீனில் ஒரு பத்திரம் எழுதி, முத்திரையும் போட்டுக் கையில் கொடுத்தார். ஆரணியில் லத்தீன் தெரிந்தவர் அங்கத்துச் சாமியார் ஒருவர்தான். அவர் படித்துச் சொன்னால் ஞானப்பிரகாசம் மறுபேச்சுப் பேச முடியாது. நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜெபமாலை கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பத்திரத்தை வாங்கிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நைனா, இத்த அனுப்பிடாதீங்க! வெர்மிச்செல்லிக்கு லத்தீன்ல சொல்லு இல்ல போல. 'இந்தக் குடும்பத்தார் வெள்ளிக்கெழமதோறும் சின்னப் புழுக்களைப் பக்தியோட சாப்புடறாங்க'ன்னு எழுதி வச்சிக்கீறாரு. முத்திர வேற!"

அந்தப் பத்திரம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. கிழித்துப்போடவும் பயமாயிருக்கிறது, முத்திரை போட்டதாயிற்றே.

கடைசியில் நானே எழுதினேன். அது சேமியா, கோதுமை மாவு, புழு என்பது என் திமிரில் எழுதின வார்த்தை, மன்னிக்க வேண்டும் என்று ஞானப்பிரகாசத்தின் காலில் விழாத குறையாக எழுதிப் போட்டேன்.

6

பதில் வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் அடுத்த பதார்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். மெலன்ஸானே, நம்முடைய கத்திரிக்காய். வட்டம் வட்டமாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, தக்காளிச் சாறும் அந்த நாற்றப் பதார்த்தமும் அடுக்கடுக்காகப் போட்டு அடுப்பில் வைப்பார்கள். கடையில் இப்போது பேர்போனது அதுதான். அதைச் செய்வது கார்மெலா இல்லை, என் மகள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்மெலாவுக்குக் கை முட்டிகள் வீங்கிப்போயின, கரண்டி பிடிக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த அடுப்பைச் சுற்றியே வளர்ந்தவள் ஜெபமாலை. யாரும் கேட்பதற்கு முன்னால் கரண்டியை எடுத்துக்கொண்டாள். முதல் வாரமே கத்திரிக்காயில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டாள். கார்மெலா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தவர்களெல்லாம் அந்தக் கத்திரிக்காயைத்தான் கேட்டார்கள். தெரசம்மாளுக்கு மட்டும் ஆறவே இல்லை. "அந்த சீக்காரி அடுப்புல போயி வேவறாளே எம்பொண்ணு" என்று மாடியில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

சேவூர்ப் பதில் வந்தது. "சேமியா என்றால் ஆட்சேபம் இல்லை. அதைச் சமைப்பது யார்? என்ன ஜனம்? அதை மட்டும் தெரிவிக்கவும்."

எனக்குச் சப்பென்று அறைந்ததுபோல் இருந்தது. இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. ஆரணிக் கோயிலில் எந்தப் பக்கம் யார் உட்கார வேண்டும், யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று அளந்து உட்கார்ந்தவன்தான் நானும். யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்பது எனக்குப் பாடம்போலத் தெரியும். ஆனால் கார்மெலா கையால் பதினோரு வருஷம் தின்றிருக்கிறேன், அவள் என்ன ஜனம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. வெள்ளைத்தோலுக்கு நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எத்தனை வசதி பாருங்கள்!

தெரசம்மாள் உடனே வழி சொன்னாள். "ஏங்க, பேசாம எழுதிடுங்க. நாம மாடில நம்ம கையாலதான் சமச்சித் துன்றோம், கீழக் கடைக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லன்னு. நான் துன்றது அப்டித்தானே? பாதி நெஜம்தான்."

எனக்கும் அது சரியென்று பட்டது. மறைக்காமல் சொல்கிறேன், பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஜெபமாலை அப்போது மேலே வந்திருந்தாள். முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த சின்னச் சின்னத் தழும்பு.

"நைனா, சமைக்கறது நான்னு எழுதுங்க."

"எழுதினா சம்பந்தம் வுட்டுப்பூடும்மா. கடைல வேல செய்ற பொண்ணுன்னுவாங்க. யாரு யாரு தொட்ட பாத்திரம்னுவாங்க."

"தெரியும்."

"உனக்கு அந்தப் பையனப் புடிக்கலியா? அப்டி இருந்தா சொல்லிடு."

ஒரு வருஷமாக இவள் தமிழ் எழுத்தைப் பழகிக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும். ஆரணியில் தெரு எப்படியிருக்கும், சேவூர் எத்தனை தூரம் என்று அம்மாவைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்குப் போவணும்னுதான் இருக்குது நைனா. அந்தாளையும் புடிச்சிதான் இருக்குது, லெட்டர்ல எழுதறதப் பாத்தா நல்ல மாதிரிதான் தெரியுது. ஆனா பொய் சொல்லிட்டு அங்க போயி, எந்தக் கையால சமைக்கறது?"

எழுதினேன். "சமைப்பது என் மகள் ஜெபமாலை. தங்கள் வீட்டுக்கு மருமகளாக வர இருப்பவள். என்ன ஜனம் என்பது தங்களுக்கே தெரியும்." எழுதி முடித்து, இதற்கு மேல் எதைக் கேட்பார்கள் என்று தைரியமாக இருந்தேன்.

7

கேட்டார்கள். போன வாரக் கப்பலில் பதில் வந்தது. மத்தியானம், கடை நிறைந்திருக்கும் நேரம். நான் படிக்கட்டிலேயே நின்று உடைத்தேன். தெரசம்மாள் மேல் படியிலிருந்து, "உரக்கப் படிங்க" என்றாள்.

"பெண்ணே சமைப்பது குறித்துச் சந்தோஷம். அவள் யார் யாருக்குப் பரிமாறுகிறாள் என்பதையும், அவர்கள் உண்ட பாத்திரத்தில் தாங்களும் உண்கிறீர்களா என்பதையும் தெரிவிக்கவும். பையனுக்கு ஆரணியிலேயே வேறொரு பெண் இடம் வந்திருக்கிறது. தங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம்."

கீழே எட்டிப் பார்த்தேன். கரி சுமக்கும் அராபியர் நாலு பேர், ஒரு கிரேக்க மாலுமி, சூடான்காரக் கிழவர் ஒருவர், மூலையில் ஒரு மால்டாத் தையல்காரர். எல்லார் முன்னாலும் என் மகள் அடுக்கின கத்திரிக்காய். இவர்களை ஒவ்வொருவராக என்ன ஜனம் என்று விசாரித்து, ஜாபிதா போட்டுச் சேவூருக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் எழுதினால் பாத்திரம் தேய்ப்பது யார் என்பார்கள். அதற்கும் எழுதினால் தேய்க்கிற சாம்பல் எந்த வீட்டு அடுப்புச் சாம்பல் என்பார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட வருத்தம் அதிகம். அவள் போக ஆசைப்பட்டாளே!

ஜெபமாலை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தட்டுகளைத் துடைத்து வைத்தாள், துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். கார்மெலாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் பார்த்தே தெரிந்துகொண்டு, வீங்கின கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

என் தோளை இடித்துக்கொண்டு யாரோ இறங்கினார்கள். தெரசம்மாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கடைக்குள் போனாள். கரிச்சட்டைக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பெஞ்சில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த ஆளுக்கு எழுதுங்க, நானும் அதே தட்டுலதான் துன்றேன்னு. இன்னிலேர்ந்து." பிறகு அடுப்படியைப் பார்த்து, "ஜெபமால, எனக்கும் ஒரு தட்டு போடு" என்றாள்.

ஜெபமாலை கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். தெரசம்மாள் முள்கரண்டியை ஒதுக்கிவிட்டு, கையால் பிசைந்து, நிதானமாக, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

அத்தனை நேரம் அழாமல் நின்ற பெண், அதைக் கேட்டதும் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.